விடுதிக்கு நெல் நிறைய வந்த வருஷம்

நம்முடைய விடுதியில் படுத்தெழும்பியவர்களில் இன்னும் மூச்சோடு இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒழுங்காகப் படித்து முடித்தவன் அல்ல. எழுத்தில் பிழை இருந்தால், நம்முடைய தமிழ் வாத்தியாரை நினைத்துக்கொண்டு மன்னித்துவிடுங்கள்.

சவூதியில், தம்மாமில் ஒரு கட்டட வேலைத் தளத்தில் இருந்தபோது, பக்கத்துக் கொட்டகையில் யாரோ சிவப்பரிசி அவித்தார்கள். எங்கிருந்து கிடைத்ததோ தெரியாது. கஞ்சி கொதித்துப் பொங்குகிற அந்த வாசனை மூக்கில் பட்டதும் நான் கையிலிருந்த சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு உம்மாவின் குசினி ஞாபகத்துக்கு வரவில்லை. கல்முனையில் பாதர்மாரின் பள்ளிக்கூடத்து விடுதிச் சமையலறைதான் வந்தது. பின்பக்கக் கதவைத் திறந்தால் கடற்காற்று உள்ளே வந்து அடுப்புப் புகையை நம்முடைய முகத்துக்கே திருப்பி அனுப்புமே, அந்த இடம். கண் எரிய எரிய வரிசையில் நிற்போம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

இப்போது அந்த விடுதி இல்லை. கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்கு வெகுகாலத்துக்கு முன்பே அது இல்லாமல் போய்விட்டது. இப்போது அங்கே இருப்பது வேறு கட்டடம், வேறு பிள்ளைகள். நான் சொல்லப்போவது அது ஏன் இல்லாமல் போனது என்ற கதை. பலரும் பல மாதிரிச் சொல்கிறார்கள். பாதர்மாருக்கு வசதி இல்லை என்கிறார்கள், அரசாங்கம் நெருக்கியது என்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எல்லாம் எடுத்துக்கொண்ட காலத்தில் நம்முடைய பாதர்மார் கொடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். சரி, வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது சட்டம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் ஊரின் கையைப் பார்த்துத்தான் நடந்தது. மருதமுனை நெசவுக்காரர்கள் காற்சட்டைக்குத் துணி தந்தார்கள். கரைவலை முதலாளிமார் மீன் அனுப்பினார்கள். விடுதிக்கு வேண்டிய அரிசி வயலிலிருந்து வந்தது. ஊரில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், ஒரு கையளவு சனம். தச்சு வேலை செய்கிறவர்களும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுமாகச் சில குடும்பங்கள். கொடுத்தவர்கள் எல்லாரும் முஸ்லிம்களும் இந்துக்களும்தான். நம்முடைய பிள்ளைகள் படிக்கிற இடம் என்று கொடுத்தார்கள்.

நான் வரிப்பத்தான்சேனைப் பையன். ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். வாப்பாவுக்குச் சொந்தக் காணி இல்லை. காரைதீவுப் போடியார் ஒருவருக்கு, இந்துப் பெருநிலக்காரருக்கு, சவளக்கடைப் பக்கம் பெரிய வயல் இருந்தது. வாப்பா அதில் வயற்காரன். விதைப்பிலிருந்து வெட்டு வரைக்கும் வயலைப் பார்த்து, விளைச்சலில் ஒரு பங்கு எடுப்பவர். நான் வாய்ப்பாடு சொல்வதை ஒருநாள் வயல் வாடிக் குடிசையில் இருந்து கேட்ட போடியார்தான் வாப்பாவிடம் சொன்னார்: "காக்கா, இவன மாடு மேய்க்க விட்டிராத. பாதர்ட போடிங்கில சேர்த்து விடு. நான் கதைக்கிறன்."

விடுதியைத்தான் போடிங் என்றார். கதைக்கவும் செய்தார். அவருடைய காரின் பின் ஆசனத்தில், றங்குப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் கல்முனைக்கு வந்தேன்.

அப்போது பெரிய பாதராக இருந்தவர் வெள்ளைக்காரர். முன்னந்தலையில் மயிர் இல்லை, காதுக்குள் நிறைய மயிர். நம்மை விட நன்றாக இந்தப் பக்கத்துத் தமிழ் கதைப்பார். வாப்பா வாசலில் நின்றுகொண்டு கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் தலைப்பாகைத் துணியை முறுக்கிக்கொண்டு நின்றார். பாதருக்கு விளங்கிவிட்டது.

"இறைச்சி அறுக்கிறது உங்கட ஆள்தான். சட்டி வேற, அகப்பை வேற. பண்டி இந்த வளவுக்குள்ள காலெடுத்து வெக்காது. எனக்கே கிடைக்கிறல்ல, மறுகா உங்கட மகனுக்கு எங்கால குடுக்கிற?"

வாப்பா சிரித்துவிட்டார். வாப்பா வெளியாட்கள் முன்னால் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். வேதக்காரப் பையன்கள் எழுந்து நின்று செபம் சொல்வார்கள். அவர்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் பெரிய பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு கேட்கும். எங்களில் சிலர் தொப்பியைத் தேடுவோம். இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற துண்டு நேரத்தில் கணக்கு வாத்தியார் ஒரு கணக்காவது செய்து முடித்துவிடப் பார்ப்பார். முடிந்ததே இல்லை. திருக்கோவில் பையன் ஒருவன், எங்கள் விடுதி மானிட்டர், சொல்வான்: "எங்கட சாமிக்கும் ஒரு மணி இந்த நேரத்தில வெச்சா நல்லம் சேர். கணக்குப் பாடத்தையே நிப்பாட்டிரலாம்." அவனுக்கு அடி விழும். அடுத்த நாளும் சொல்வான்.

மாலையில் கடற்கரையில் பந்து. இருந்தது ஒரே ஒரு பந்து. இரவில் அது பெரிய பாதரின் கட்டிலுக்குக் கீழே தூங்கும். தோல் வெடித்து உள்ளே இருக்கிற இரப்பர் தொந்தி மாதிரி வெளியே தள்ளும். செருப்புத் தைக்கிறவர் அதைத் தைத்துத் தைத்துக் கடைசியில் பந்தை விடத் தையல் அதிகமாகிவிட்டது. உதைத்தால் நேரே போகாது. நான் பல நாடுகளில் பல பந்துகளை உதைத்துவிட்டேன். நேரே போகிற பந்தில் எனக்கு இன்றைக்கும் பிடிப்பில்லை.

வெட்டுக் காலம் வந்தால் விடுதிப் பையன்களுக்கு ஒரு பயணம் உண்டு. போடியார் சொல்லி அனுப்புவார், சூடடித்து நெல்லைப் பிரித்தாகிவிட்டது என்று. பெரிய பாதர் எங்களில் வயல் பக்கத்துப் பிள்ளைகளையும் பாரம் தூக்கக்கூடிய பெரிய பையன்களையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு சவளக்கடைக்குப் போவார். எங்களுக்கு அது பெருநாள்.

வயல் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். களவெட்டி, அதாவது சூடு மிதித்து நெல்லைக் குவிக்கிற இடம், மற்ற இடங்களைப் போல அல்ல. அங்கே வாயைக் கட்ட வேண்டும். செருப்போடு ஏறக் கூடாது. நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்றுதான் சொல்வார்கள். எத்தனை மூட்டை என்று கேட்கக் கூடாது, சத்தமாக எண்ணக் கூடாது, காணும், அதாவது போதும், என்றோ முடிந்தது என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. சொன்னால் பொலி போய்விடும். இந்துக்கள் பூதம் கொண்டுபோகும் என்பார்கள். எங்கள் ஆட்கள் பறக்கத், அல்லாஹ்வின் அருள், போய்விடும் என்பார்கள். எது போனாலும் சோறுதான் போகிறது. அதனால் சிறு பிள்ளைகளை அளந்து முடியும் வரைக்கும் களவெட்டிக்குக் கிட்ட விடமாட்டார்கள். பிள்ளைகளின் வாய் சும்மா இராது. வயற்காரன் மகனாக இருந்தும் நான் களவெட்டிக்குள் முதன்முதல் கால் வைத்தது விடுதிப் பிள்ளையாகத்தான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே எதைச் செய்யக் கூடாது என்பதுதான். முதுகில் வாங்கிப் படித்த பாடம் அது. எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

பெரிய பாதர் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவார். போடியார் ஓலைக் கடகத்தால் பொலியை அள்ளிச் சாக்கில் கொட்டுவார். வாப்பா சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருப்பார். ஒரு கட்டத்தில் பாதர் குனிந்து, நிறைந்த சாக்கிலிருந்து இரண்டு கையாலும் ஒரு பிடி அள்ளிக் குவியலின் மேல் திரும்பப் போடுவார். போடும்போது கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பார். பிறகு போடியாரைக் கும்பிட்டுவிட்டு இறங்குவார். நாங்கள் சாக்குகளைச் சுமப்போம். வாடியில் மோர், வாழைப்பழம், பனங்கட்டி. மற்றதெல்லாம் அந்தப் பனங்கட்டிக்கு முன்னால் எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒருதரம் மட்டும் தச்சர் மகனிடம் கேட்டேன். அவன் வேதக்காரப் பையன், பாரம் தூக்க வந்தவன். "அது என்னடா பாதர் அள்ளிப் போட்டவர்? உங்கட செபமா?"

"பாதர் செய்தா செபமாத்தான் இரிக்கும்" என்றான், வாய் நிறையப் பனங்கட்டியோடு.

நான் எட்டாம் வகுப்புக்கு வந்தபோது பெரிய பாதருக்குச் சுகமில்லாமல் போய், அவரை அவருடைய நாட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். ஸ்டேஷன் வாகனத்தில் ஏறும்போது எங்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவரின் காதையும் திருகினார். அது அவருடைய முத்தம். எனக்கு அந்தக் காது அன்று பின்னேரம் வரைக்கும் சூடாக இருந்தது.

அவருக்குப் பதிலாக வந்த புதிய பாதர் இளம் ஆள். சிலாபம் பக்கத்துக் கடற்கரை ஊர், மீன்பிடிக் குடும்பம். அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு பந்தடிப்பார். கணக்கும் அவரே எடுத்தார். மணிக்கும் வாங்குக்கும் நடுவில் ஒரு கணக்கை முடித்துக் காட்டிய முதல் ஆள் அவர்தான். எங்கள் பீங்கானில் இருக்கிறதைத்தான் அவரும் சாப்பிட்டார். அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, வயல்.

போடியாரிடமிருந்து ஆள் வந்த அன்று இராச் சாப்பாட்டு மேசையில் அவர் எங்களைக் கேட்டார்: "தம்பிமாரே, அங்க போய் நான் என்ன செய்யோணும்?"

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் தொடங்கிவிட்டோம். சொல்லிக் கொடுக்கிறவர்கள் சொல்லிக் கேட்கிறவர்களாகவே இருந்த எங்களுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் அதற்கு முன் கிடைக்கவில்லை.

"செருப்புப் போடக் கூடாது பாதர்."

"சரி."

"எத்தினை மூட்டை எண்டு கேக்கக் கூடாது."

"சரி."

"எண்ணவும் கூடாது. விரல மடக்கியும் எண்ணக் கூடாது."

"கணக்கு வாத்தியாரப் பார்த்து எண்ணாத எண்டு சொல்றீங்களே, நியாயமா? எங்கட ஊரில மீன் கரைக்கு வந்தா ஊருக்கே கேக்கிற மாதிரிச் சத்தம் போட்டு எண்ணுவம். வாயப் பொத்திக்கொண்டு நிண்டா மீன் போயிரும்."

"இஞ்ச வாயத் துறந்தாத்தான் பாதர் போகும்" என்றான் மானிட்டர். "காணும் எண்டு சொல்லப்படாது. முடிஞ்சிது எண்டு சொல்லப்படாது. இல்ல எண்டு சொல்லவே படாது."

"பிறகு என்னதான் சொல்லுறது?"

"பொலி."

"எல்லாத்துக்குமா?"

"ஓம் பாதர்" என்றேன் நான். "போடியார் என்ன கேட்டாலும் பொலி எண்டு சொல்லுங்க. பிழைக்காது."

"தும்மல் வந்தா?"

"அடக்கோணும்."

"சிரிப்பு வந்தா?"

"அதுக்கும் பொலிதான்."

பாதர் சிரித்த சிரிப்பில் பருப்பு மூக்கில் ஏறிவிட்டது. அடுத்த நாள் வகுப்பில் யாராவது சரியான விடை சொன்னால், "பொலி!" என்றார். பிழையான விடை சொன்ன ஒருவனுக்கும் பொலி சொல்லிவிட்டுக் காதைத் திருகினார்.

அதற்கு மறுநாள் காலையில் போனோம். வரம்பில் பனி காயவில்லை. புது வைக்கோலின் வாசனை தொண்டை வரைக்கும் இறங்கியது. அந்த முறை விளைச்சல் நல்லது. குவியல் என்னை விட உயரமாக, மஞ்சளாக இருந்தது. அதற்காக வாப்பா யானைக் காவலுக்குப் பரணில் கிடந்து கண் சிவந்து போயிருந்தார். இன்னும் பங்கு பிரிக்கவில்லை. கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் போடியாருக்கும் வயற்காரனுக்கும் பிரிப்பது.

"வாங்க பாதர், வாங்க. பொடியனுகளும் வந்திரிக்கானுகள். நல்லம்" என்றார் போடியார்.

"பொலி" என்றார் பாதர்.

போடியாருக்கு முகம் மலர்ந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

போடியார் அள்ளிக் கொட்டினார். வாப்பா சாக்கைப் பிடித்தார். வழக்கமாக நிறைக்கிற சாக்குகள் நிறைந்தன. போடியார் நிமிர்ந்து பாதரைப் பார்த்தார். பாதர் கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்றார். "பொலி" என்றார்.

போடியார் இன்னொரு சாக்குக்குக் கையைக் காட்டினார்.

அதுவும் நிறைந்தது. பார்த்தார். "பொலி."

நாங்கள் கொண்டுபோன சாக்குகள் எல்லாம் நிறைந்துவிட்டன. போடியார் வாடியிலிருந்து தன்னுடைய சாக்குகளை எடுத்து வரச் சொன்னார். அவருடைய முதுகில் வியர்வை ஓடியது. கடகத்தை வாங்க ஒருவர் வந்தார், போடியார் கொடுக்கவில்லை. களவெட்டியில் யாரும் கதைக்கவில்லை. கடகம் பொலிக்குள் இறங்குகிற சத்தமும், சாக்குக்குள் பொலி விழுகிற சத்தமும் மட்டும். குவியல் என்னுடைய நெஞ்சு உயரத்துக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. பாதரின் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு கொடுக்கிற ஒரு மனிதனா என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாப்பா சாக்கின் வாயைப் பிடித்தபடி ஒருதரம் என்னைப் பார்த்தார். மகன் விடுதிப் பிள்ளையாக நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் குனிந்துகொண்டார்.

கடைசியில் இயந்திரப் பெட்டியில் இடமில்லாமல் போனது. சாரதி இனி ஏற்ற ஏலாது என்று கையால் சைகை காட்டினான். பாதர் போடியாரைக் கும்பிட்டு, மனம் நிறைந்து, "பொலி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அன்று வாடியில் மோர் இருந்தது. பனங்கட்டியை யாரும் எடுத்துத் தரவில்லை.

அந்த வருஷம் விடுதியில் வயிறு நிறையத் தின்றோம். காலையில் கஞ்சி, பகல் சோறு, இரவிலும் சோறு. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது உம்மா மரவள்ளிக் கிழங்கு அவித்து வைத்தா. தொட்டுக்கொள்ள மிளகாய். மறுநாளும் அதுதான். நான் விடுதியில் தின்கிற சோற்றைப் பற்றி உம்மாவிடம் பெருமையாகக் கதைத்தேன். உம்மா, "நல்லாத் தின்னு மகன்" என்று சொல்லிக் கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தா.

பரிசளிப்பு விழாவுக்குப் பாதர் போடியாரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார். வாப்பாவும் வந்தார். மேடையில் பாதர் போடியாருக்கு மாலை போட்டு, ஒலிபெருக்கியில் சொன்னார்: "இப்படிக் கொடுக்கிற கையை நான் பிறந்து கண்டதில்லை. இந்த ஐயா அள்ளித் தந்ததை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்." சனம் கை தட்டியது. போடியார் மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். தேநீருக்கு நிற்கவில்லை. நான் றோஸ் நிறச் சர்பத் கோப்பைகளோடு காரடிக்கு ஓடினேன். போடியார் வாப்பாவிடம் சொல்வது கேட்டது.

"பாத்தியா காக்கா? வாங்கினதும் காணாம, மேடையில ஏத்தி வெச்சிக் குத்துறார்."

"விடுங்க போடியார்" என்றார் வாப்பா.

யார் யாரைக் குத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை. சர்பத் இரண்டையும் நானே குடித்தேன்.

அடுத்த பெரும்போக வெட்டுக் காலம் வந்தது. சவளக்கடையிலிருந்து ஆள் வரவில்லை. பாதர் காத்திருந்து பார்த்துவிட்டு, சைக்கிளில் காரைதீவுக்குப் போனார். போடியார் கதிரை போட்டு, தேநீர் கொடுத்து, "இந்த முறை சரியில்ல பாதர்" என்றாராம். வேறு போடிமாரிடமும் போனார். முஸ்லிம் போடிமாரிடமும் போனார். எல்லாரும் மரியாதையாகவே, நெல் இல்லை என்றார்கள். அந்தப் பாதர் ஏறினால் களவெட்டி காலி என்ற கதை பாண்டிருப்பிலிருந்து இறக்காமம் வரைக்கும் போய்விட்டிருந்தது. அவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

விடுதியில் இராச் சோறு நின்றது. பிறகு கஞ்சியில் தண்ணீர் கூடியது. பாதர் மெலிந்தார். சிலாபத்திலிருந்து அவருடைய தமையன் கருவாட்டு மூட்டை அனுப்பினார். கருவாடு இருந்தது, அதோடு தின்னச் சோறு இல்லை. ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவில் அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, விடுதியை இந்தத் தவணையோடு மூட வேண்டியிருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னார். அப்போது மணி அடித்தது. யாரும் எழுந்து நிற்கவில்லை.

பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். வாப்பாவும் வந்தார். பாதர் அவரை முற்றத்தில் பிடித்துக்கொண்டார்.

"இவன நிப்பாட்டாதீங்க. கணக்கில இவனுக்கு நல்ல மூளை. தச்சர் வீட்டில தங்க வெக்கலாம், நான் கேட்டிட்டன். சாப்பாட்டுக்கு என்ர பங்கில குடுப்பன். பரீட்சை வரைக்குமாவது இருக்கட்டும்."

நான் வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஓம் என்று சொல்ல வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தெரிந்த எல்லா ஓதலையும் ஓதினேன். வாப்பா நிலத்தைப் பார்த்தார்.

"உங்கட பங்கில எங்களுக்கு வாணாம் பாதர். இவன் படிச்சது காணும்."

அந்த வார்த்தையை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் பாதர் கன்னத்தில் அடி வாங்கியவர் மாதிரி நின்றார். வாப்பா என்னுடைய றங்குப்பெட்டியைத் தோளில் தூக்கினார். பெட்டியை அந்த வருஷமே விற்றுவிட்டோம்.

பிறகு நான் கரும்பு வெட்டினேன். பொத்துவிலில் தேநீர்க் கடையில் கோப்பை கழுவினேன். லொறிக் கிளீனராகக் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் மூட்டை சுமந்தேன். ஒரு வேலையிலும் தரிக்க மாட்டேன். எங்கே போனாலும் கொஞ்ச நாளில் கால் அரிக்கத் தொடங்கும். வெளிநாடு போனேன், வந்தேன், மறுபடி போனேன். போன இடங்களில் பள்ளிக்கூட மணி கேட்டால் நின்றுவிடுவேன். அவ்வளவுதான், அழுததெல்லாம் இல்லை. புதிய பாதரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் தம்மாமில் இருந்தபோது அவர் காய்ச்சல் கண்டு காலமானதாகக் கேள்விப்பட்டேன். போடியார் அதற்கு முன்பே போய்விட்டார்.

தம்மாமில் முதல் பயணம் முடிந்து ஊருக்கு வந்திருந்த நாட்களில் வெட்டுக் காலம். மாமா ஒருவரின் களவெட்டியில் கைக்கு உதவியாக நின்றேன். பள்ளிவாசல் லெப்பைக்கு வழமையான பங்கைக் கொடுத்தார்கள். மாமா அள்ளிக் கொட்டினார். சாக்கு நிறைந்து வருகையில் லெப்பை குனிந்து இரண்டு கையாலும் ஒரு பிடி எடுத்துக் குவியலில் திரும்பப் போட்டார். மாமா உடனே கடகத்தைக் கவிழ்த்து வைத்தார்.

என்னுடைய கையிலிருந்த சாக்கு நழுவியது. களவெட்டியை விட்டு இறங்கிய பிறகு மாமாவிடம் கேட்டேன்.

"காணும் எண்டு வாயால சொல்ல ஏலாதே" என்றார் மாமா. "வாங்குறவன் ஒரு பிடி திருப்பிப் போட்டாத்தான் குடுக்கிறவன் கைய எடுக்கிற. அவன் போடாத வரைக்கும் குடுத்துக்கொண்டுதான் இரிக்கணும். இது கூடத் தெரியாமலா வயக்காரன் மகன் எண்டு திரியிறாய்?"

அன்று பின்னேரம் வாப்பாவைத் தேடிப் போனேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வயதாகி இடுப்பு வளைந்துவிட்டிருந்தது. நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் நாங்கள் பாதருக்குச் சொல்லிக் கொடுத்தது, பெரிய பாதர் அள்ளிப் போட்டதை நாங்கள் செபம் என்று நினைத்தது, பொலி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் புதிய பாதருக்கு யாருமே சொல்லாதது.

வாப்பா வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தார்.

"தெரியாமலா நிண்டவர்?"

"தெரியாமத்தான் வாப்பா. குடுக்கிற ஆள்தான் நிப்பாட்டுவார் எண்டு நினைச்சிக்கொண்டு நிண்டிரிக்கார்."

"போடியார் செத்தும் போனாரே" என்றார். பிறகு, "நான் அந்த மனிசனுக்கு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டு வந்தனே" என்றார். ஈரக் காலோடு கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். வேலிக்கு அப்பால் உம்மா கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தா. நான் போகலாம் என்று திரும்பியபோது கூப்பிட்டார்.

"மகன், அந்தப் பள்ளிக்கூடம் இப்பவும் இரிக்கிதானே?"

"இரிக்கி. இப்ப கவர்மெண்டுப் பள்ளிக்கூடம்."

"போடிங் இல்லாட்டி என்ன, இப்பதான் பஸ் ஓடுதே. நீ போய்ச் சேர்ந்து படிக்கேலாதா?"

எனக்கு அப்போது தாடி வந்து, அதில் ஒன்றிரண்டு நரையும் வந்துவிட்டிருந்தது. சட்டைப் பையில் கடவுச்சீட்டு இருந்தது. நான் சிரித்தேன். வாப்பா சிரிக்கவில்லை. என்னுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்து கதைக்கிறன்" என்றார்.